முன்பாரம், பின்பாரம்

மேற்கு ஆஸ்திரேலியாவில் பாலடோனியா என்ற சாலையோர விடுதியைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் ஒரு பலகை நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் மிக நீளமான நேர்ச்சாலை இங்கே தொடங்குகிறது, நீளம் 146.6 கிலோமீட்டர் என்று அதில் எழுதியிருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கோலாலம்பூரில் புறப்பட்டு ஏறக்குறைய மலாக்கா போய்ச் சேரும்வரை ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு வளைவுகூடக் கிடையாது. இருபக்கமும் சாம்பல் பச்சைப் புதர்கள், மேலே வானம், நடுவில் ஒரு தார்க்கோடு. அவ்வளவுதான்.

இந்தச் சாலையில் வண்டி ஓட்ட என்ன திறமை வேண்டும், தூங்காமல் இருந்தால் போதாதா என்று தோன்றும். தனிக் காருக்கு அது ஓரளவு சரி. இரண்டு டன்னுக்கும் அதிகமான ஒரு சின்ன வீட்டைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த நேர்ச்சாலைதான் பரீட்சை. கேரவன் கவிழ்வதற்கு வளைவு தேவையில்லை. கொஞ்சம் பக்கக்காற்று, கடந்துபோகும் ஒரு நீண்ட லோரி, தவறான இடத்தில் அடுக்கிய நான்கு பெட்டிகள் இருந்தால் போதும்.

சென்ற ஆண்டு செப்டம்பர்த் தொடக்கத்தில் பெர்த்திலிருந்து தென் ஆஸ்திரேலியாவின் செடூனா வரை இந்த வழியில் போய்வந்தோம். கிள்ளானிலிருந்து அம்மாவும் நானும். பெர்த்தில் பதினொரு ஆண்டுகளாக இருக்கும் அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஒன்பது வயது மகன். ஆக மொத்தம் ஐந்து பேர், ஒரு டீசல் வண்டி, அதன் பின்னால் இரண்டு அச்சுகள் கொண்ட ஒரு கேரவன். ஒரு வழிக்கே ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். இதில் நான் அதிகம் கற்றுக்கொண்டது சாலையில் அல்ல. புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாட்களில், அண்ணன் வீட்டு வாசலில்.

தாத்தா வண்டியும் அண்ணன் வண்டியும்

போய் இறங்கிய மறுநாளே புறப்பட்டுவிடலாம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாச் சாமானையும் ஏற்றி, தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பி, பயணத்துக்கு எப்படிப் போகப் போகிறோமோ அப்படியே எடைமேடைக்கு ஓட்டிப் போனார். வெறும் கேரவனை நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை. அரிசி, பாத்திரம், கேஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலி என்று ஒவ்வொன்றும் சேர்ந்த பிறகுதான் அதன் உண்மையான எடை தெரியும்.

எடைமேடையில் கேரவன் 2,360 கிலோ காட்டியது. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 2,500. எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணனுக்கு இல்லை. அவர் பார்க்க விரும்பியது இன்னோர் எண்ணை. கேரவனின் மூக்கு, காரின் பின்பக்கம் இருக்கும் எஃகு உருண்டையின் மீது எவ்வளவு எடையை அழுத்துகிறது என்பதுதான் அது. அதற்கென்று இருக்கும் சிறிய அளவுகோலை மூக்கின் அடியில் வைத்துப் பார்த்தார். 170 கிலோ.

"பத்துல ஒரு பங்காவது மூக்குல இருக்கணும், தம்பி. இது ஏழு சதவீதம்தான். இப்படியே நல்லர்போர் போக முடியாது" என்றார்.

ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: ஏற்றிய கேரவனின் மொத்த எடையில் சுமார் பத்து விழுக்காடு அந்த உருண்டையின் மேல் உட்கார வேண்டும். அமெரிக்காவில் பத்து முதல் பதினைந்து வரை என்பார்கள். குறைந்தால் கேரவனின் வால் ஆடத் தொடங்கும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்கள் லேசாகும்.

நான் புரிந்தும் புரியாமலும் நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"இது நம்ம தாத்தா மாட்டு வண்டிதானடா! பின்பாரமா ஏத்திட்டா நுகத்தடி மாட்டுக் கழுத்த விட்டு மேல எழும்பும். முன்பாரமா ஏத்திட்டா மாட்டுக் கழுத்து புண்ணாகிப் போகும். தாத்தா வெறகு ஏத்தும்போது நுகத்தடியக் கையால தூக்கிப் பாத்துட்டுத்தான் மாட்டப் பூட்டுவாரு."

அம்மா வளர்ந்தது கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தாத்தா அங்கே விறகு வண்டி ஓட்டியவர். அவர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்ததும் அண்ணன் அளவுகோல் வைத்துப் பார்த்ததும் ஒரே சோதனைதான். இரண்டுமே நடுவில் சக்கரம், முன்னால் இழுப்பவர் தோளில் ஒரு பங்கு பாரம் என்ற ஒரே அமைப்பு. ஒரு வேறுபாடு உண்டு. மாட்டு வண்டி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போவதில்லை.

சைக்கிளை இறக்கிய நாள்

பாரம் பின்னால் போனதற்குக் காரணம் தேட வெகுநேரம் ஆகவில்லை. கேரவனின் வால்பக்கம் ஒரு சட்டத்தில் இரண்டு சைக்கிள்கள். சட்டத்தோடு சேர்த்து 45 கிலோ. பின்பக்கப் பெட்டியில் அண்ணனின் கருவிகள் 20 கிலோ. பின் கட்டிலுக்கு அடியில் அண்ணி அடுக்கிய அரிசி, பருப்பு, டின் மீன், குக்கர் எல்லாம் சேர்ந்த பெட்டி 25 கிலோ.

தனித்தனியாகப் பார்த்தால் பெரிய பாரமில்லை. ஆனால் சீசா விளையாட்டில் ஓரத்தில் உட்காரும் சின்னப் பிள்ளை நடுவில் உட்காரும் பெரியவரைத் தூக்கிவிடுவது போல, அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சைக்கிள்கள் அச்சுக்கு மூன்றரை மீட்டர் பின்னால் தொங்கின. மூக்கோ அச்சுக்கு நாலரை மீட்டர் முன்னால். அந்த 45 கிலோவை இறக்கினால் மூக்கின் எடை 35 கிலோ கூடும். மளிகைப் பெட்டியை நடுவில், அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தினால் 14 கிலோ. கருவிப் பெட்டியை முன்பக்கப் பெட்டிக்கு மாற்றினால் 24 கிலோ. அண்ணன் ஒரு தாளில் கூட்டிப் போட்டார்.

சைக்கிளை இறக்குவது என்றதும் பையன் முகம் மாறிவிட்டது. நல்லர்போரில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தானாம். அண்ணி அவன் பக்கம் பேசினார். "ரெண்டு சைக்கிள்தானே, மெதுவா ஓட்டிட்டுப் போனா ஆகாதா?"

அண்ணன் கோபப்படவில்லை. மகனைத் தரையில் உட்கார வைத்து, விளையாட்டுக் கார் ஒன்றின் பின்னால் நூலும் குச்சியும் வைத்துச் சிறு இழுவை வண்டி ஒன்றைக் கட்டினார். முதலில் அதன் முன்பக்கம் ஒரு பெரிய நட்டை வைத்து இழுக்கச் சொன்னார். நேராக வந்தது. நட்டைப் பின்னால் வைத்து இழுக்கச் சொன்னார். இரண்டு அடி போவதற்குள் வாலை ஆட்டிக் கவிழ்ந்தது. பையன் நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் போய், சைக்கிள் சட்டத்தின் பட்டையை அவனே அவிழ்த்தான்.

மறுபடி அளந்தபோது மூக்கில் 243 கிலோ. கேரவனின் மொத்த எடை இப்போது 2,315. பத்தரை விழுக்காடு.

இதற்குப் பின்னால் இருக்கும் உண்மை இதுதான். இழுத்துச் செல்லும் ஒவ்வொரு கேரவனுக்கும் ஓர் எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே, காற்றோ லோரியோ தட்டினால் வால் ஓரிரு முறை ஆடித் தானாக அடங்கிவிடும். அதற்கு மேலே போனால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். பாரம் பின்னால் போகப் போக அந்த எல்லை வேகம் குறையும். 110-ல் இருந்திருக்க வேண்டிய எல்லை 85-க்கு இறங்கி வந்திருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. முதல் ஆட்டம் வரும்வரை எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும்.

கொக்கியில் ஒரு கண்ணி

பாரம் சரியான பிறகுதான் அண்ணன் கொக்கிப் பக்கம் வந்தார். வரிசை மாறக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கொக்கியை எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும், தவறாக ஏற்றிய பாரத்தை அது சரிசெய்யாது. மறைத்துவைக்கத்தான் செய்யும்.

243 கிலோ காரின் பின்முனையில் உட்காரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். அந்த உருண்டை காரின் பின் அச்சுக்குச் சுமார் 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. காரின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர். மீண்டும் சீசாதான். பின் அச்சை நடுவாகக் கொண்டு கார் பின்னால் சாய்கிறது. முன்சக்கரங்கள் சுமார் 100 கிலோவை இழக்கின்றன. பின்சக்கரங்கள் அந்த 100-ஐயும் மூக்கின் எடையையும் சேர்த்து 340 கிலோவுக்கு மேல் சுமக்கின்றன. திருப்புவது முன்சக்கரம். பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரத்தில்தான். அதுவே லேசாகிவிட்டால் ஸ்டியரிங் மிதப்பது போலாகும். இரவில் முகப்பு விளக்கும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

இதற்குத்தான் எடையைப் பகிர்ந்துகொடுக்கும் கொக்கி. உருண்டை இருக்கும் தலைப்பகுதியிலிருந்து இரண்டு வில்கம்பிகள் பின்னோக்கி நீண்டு, சங்கிலியால் கேரவனின் முன்சட்டத்தில் மாட்டப்படுகின்றன. சங்கிலியை இறுக்க இறுக்கக் கம்பி வளைந்து, காரின் பின்பக்கத்தை நெம்பித் தூக்குகிறது. பின் அச்சில் ஏறிய பாரத்தில் ஒரு பங்கு முன்சக்கரங்களுக்குத் திரும்புகிறது, இன்னொரு பங்கு கேரவனின் சக்கரங்களுக்குப் போகிறது.

எவ்வளவு இறுக்குவது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணன் டேப்பை எடுத்துப் பையன் கையில் கொடுத்தார். சமதளத்தில் நின்ற காரில், சக்கரத்தின் நடுவே நேர்மேலாக, தரையிலிருந்து வளைவின் விளிம்புவரை மூன்று முறை அளந்தார்கள்.

கேரவன் மாட்டாமல்: முன்பக்கம் 880 மில்லிமீட்டர், பின்பக்கம் 900.

மாட்டிய பிறகு, வில்கம்பி இல்லாமல்: முன்பக்கம் 900, பின்பக்கம் 850. மூக்கு எழும்பி, பின்பக்கம் அமுங்கிவிட்டது.

வில்கம்பியை இறுக்கிய பிறகு: முன்பக்கம் 890, பின்பக்கம் 872.

முன்பக்கம் எழும்பிய 20 மில்லிமீட்டரில் பாதி திரும்பிவிட்டது. அண்ணன் அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு ஆச்சரியம். இன்னொரு கண்ணி இறுக்கினால் பழைய 880-க்கே கொண்டுவந்துவிடலாமே?

"அங்கதான் பலபேர் இடறுறாங்க. ரொம்ப இறுக்கினா காரோட பின்சக்கரம் லேசாயிடும். அப்புறம் கேரவன் தள்ளுற தள்ளுல காரோட பின்பக்கமே வழுக்கும். எவ்வளவு திருப்பணும்னு நம்ம வண்டிக் கையேட்டுல போட்டிருக்கும். அதுக்கு மேல போகக் கூடாது" என்றார்.

கையேட்டை முதலில் படிக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில கார் நிறுவனங்கள் இந்த வகைக் கொக்கியைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கின்றன. சில குறிப்பிட்ட அளவுக்குமேல் மூக்கு எடை இருந்தால் கட்டாயம் என்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது நம் வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. வில்கம்பிகளுக்கும் எடை வரம்பு உண்டு. 240 கிலோ மூக்குக்கு அதற்கேற்ற கம்பி வேண்டும்.

கடைசியாக, கேரவனின் பக்கவாட்டுச் சட்டத்தில் கொத்தனார் வைக்கும் ரசமட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. கேரவன் சமமாகவோ, மூக்கு ஓர் இழை தாழ்ந்தோ இருக்கலாம். மூக்கு உயர்ந்திருக்கக் கூடாது.

பிறகு பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட்டு மாட்டினார். விளக்குகளைப் பையன் பின்னால் நின்று பார்த்துச் சொன்னான். கேரவனின் மின்பிரேக்கை, காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பொத்தானால் தனியாக அழுத்திச் சோதித்தார். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக்காட்டும்படி அண்ணியையும் என்னையும் பழக்கினார். ஏன் என்பது பிறகு புரிந்தது.

தங்கம், விண்கலம், குதிரை

பெர்த்தில் புறப்பட்டு முதல் இரவு மெரிடின், இரண்டாம் இரவு நார்ஸ்மன். 1894-ல் ஹார்டி நார்ஸ்மன் என்ற குதிரை தரையைக் காலால் கிளறியபோது தங்கக் கட்டி ஒன்று வெளிப்பட்டதாம். ஊருக்கு அந்தக் குதிரையின் பெயரையே வைத்துவிட்டார்கள். இங்கேதான் அயர் நெடுஞ்சாலை தொடங்குகிறது. எட்வர்ட் ஜான் அயர் என்பவர் 1841-ல் இந்தக் கரையோரமாகக் கிழக்கிலிருந்து மேற்கே நடந்தவர். வழியில் அவருடைய துணைவர் ஜான் பாக்ஸ்டர் கொல்லப்பட்டார். அதன்பின் வைலி என்ற பழங்குடி இளைஞர் ஒருவரின் துணையோடுதான் அயர் அல்பனியை உயிருடன் அடைந்தார். சாலைக்கு அயர் பெயர் கிடைத்தது. இந்தச் சாலை முழுவதும் தார் போட்டு முடிந்தது 1976-ல்தான்.

பாலடோனியாவில் ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் சிதறி இந்த வட்டாரத்தில் விழுந்தது. குப்பை போட்டதற்காக எஸ்பரன்ஸ் நகராண்மை நாசாவுக்கு 400 வெள்ளி அபராதம் விதித்த கதையைக் கேட்டு அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

கைகுனாவுக்கு அப்பால் ஒரு வேடிக்கை. பெர்த் நேரமும் நம் மலேசிய நேரமும் ஒன்றுதான். ஆனால் இந்தச் சில ஊர்கள் மட்டும் 45 நிமிடம் முன்னால் ஓடுகின்றன. கைப்பேசி ஒரு நேரம் காட்ட, விடுதிச் சுவர்க் கடிகாரம் வேறொன்றைக் காட்டும். சாப்பாட்டுக் கடை மூடும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு மதுரா. பலகையில் பெயரைப் படித்த அம்மா, "மதுரையா?" என்று எட்டிப் பார்த்தார். மதுரைக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இந்தியாவுக்கு உண்டு. 1870-களில் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காக இங்கே குதிரை வளர்த்திருக்கிறார்கள். இங்கே சாலை மேட்டுநிலத்திலிருந்து கீழே சமவெளிக்குச் சரிந்து இறங்குகிறது. மேலே நின்று பார்த்தால் கடல் வற்றிப்போன தரை போலப் பரந்து கிடக்கிறது. உண்மையிலேயே அது ஒருகாலத்தில் கடலுக்கு அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறைதான்.

சரிவு தொடங்கும் முன்பே அண்ணன் கியரைக் குறைத்தார். இறக்கத்தில் கேரவன் காரைப் பின்னாலிருந்து தள்ளும். வால் ஆடுவதற்கு இறக்கம் ஏற்ற இடம். பாதி இறங்கியபோது தெற்கே கடல் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. காரின் பின்னால் யாரோ தோளைத் தொட்டது போல ஒரு சிறு இழுப்பு. ஒருமுறை, இரண்டாவது முறை பாதியளவு, பிறகு ஒன்றுமில்லை. கண்ணாடியில் கேரவன் நேராக வந்துகொண்டிருந்தது. அண்ணன் எதுவும் சொல்லவில்லை. நான் சைக்கிள்களை நினைத்துக்கொண்டேன்.

சாலையோரம் ஒரு குடும்பம்

இந்தச் சாலையின் ராஜாக்கள் ரோட் டிரெயின் எனப்படும் தொடர் லோரிகள். 36 மீட்டருக்கும் மேல் நீளமானவை. அவை கடக்கும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். வானொலிக் கருவியில் 40-ஆம் அலைவரிசையில் லோரிக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். பின்னால் லோரி வந்தால் அண்ணன் அதில், "நீங்க முந்திக்கலாம், நான் 90-ல நேரா போறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். ஓரத்துக்கு ஒதுங்குவதில்லை, திடீரென வேகம் குறைப்பதுமில்லை. முந்துபவருக்கு நாம் என்ன செய்வோம் என்று தெரிந்திருப்பதே பாதுகாப்பு. கடந்துபோனதும் லோரியின் விளக்கு இருமுறை மினுக்கி நன்றி சொல்லும்.

நான்காம் நாள் பிற்பகல், தூரத்தில் எச்சரிக்கை விளக்குகள் மினுங்கின. ஒரு கேரவன் பக்கவாட்டில் கிடந்தது. ஒரு பக்கச் சுவர் கிழிந்து, உள்ளே இருந்த மெத்தையும் தட்டுகளும் புதர்வரை சிதறியிருந்தன. இழுத்து வந்த கார் சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஒரு கணவன் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். உதவிக்குச் சொல்லியாகிவிட்டது, வர நேரமாகும் என்றார்கள். அம்மா பிளாஸ்கில் இருந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தார். அண்ணி அந்தப் பிள்ளைகளை நம் கேரவனுக்குள் உட்கார வைத்தார். அண்ணனும் நானும் சாலையில் கிடந்த சாமான்களைப் பொறுக்கி ஓரத்தில் சேர்த்தோம்.

அந்த மனிதர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். லோரி ஒன்று கடந்தது, கேரவன் வால் ஆட்ட ஆரம்பித்தது, பிரேக்கை அழுத்தினேன், அவ்வளவுதான் தெரியும். கேரவனின் பின் சட்டத்தில் ஒரு மின்னாக்கியும் நான்கு தண்ணீர்க் கேன்களும் இன்னும் கட்டியபடியே இருந்தன. அண்ணன் அதைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடிபட்டு நிற்பவருக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

மீட்பு வண்டி வந்த பிறகுதான் கிளம்பினோம். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணன், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். வால் ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பித் துரத்தக் கூடாது. கையால் அந்தப் பொத்தானைத் தொட்டு, கேரவனின் பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும். அப்போது கேரவன் பின்னாலிருந்து காரை இழுத்துப் பிடிக்கும், கோடு நேராகும். காரின் பிரேக்கை மிதித்தால் கேரவன் காரைத் தள்ளும், முழங்கை மடங்குவது போல இரண்டும் மடங்கும்.

கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தொடப் பழக்கியது அதற்குத்தான்.

திமிங்கிலங்கள் வரும் கரை

யூக்ளாவில் 1877-ல் திறந்த பழைய தந்தி நிலையம் மணலில் புதைந்து, சுவர்கள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. எல்லையைத் தாண்டித் தென் ஆஸ்திரேலியாவுக்குள் போனதும் சாலை கடலை ஒட்டி ஓடுகிறது. பண்டா பாறைகள் என்ற செங்குத்துக் கரை, கத்தியால் வெட்டியது போலக் கடலுக்குள் இறங்குகிறது. நல்லர்போர் என்றால் லத்தீனில் மரமில்லாதது என்று பொருள். பெயருக்கேற்ற வெறுமை, சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர்.

நல்லர்போர் விடுதியிலிருந்து சற்றுக் கிழக்கே ஹெட் ஆஃப் பைட் என்ற இடம். இந்தக் கரையின் மூத்த குடிகள் மிர்னிங் மக்கள். குளிர்காலத்தில் தென்கடல் திமிங்கிலங்கள் குட்டி போட இங்கே வருகின்றன. மரப்பாதையில் நின்று குனிந்து பார்த்தால், நேர் கீழே தாயும் குட்டியும் மெதுவாகப் புரள்வது தெரிகிறது. பையன் இரண்டு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. சைக்கிள் பேச்சு அதன்பின் வரவேயில்லை.

செடூனாவுக்குள் நுழையும் இடத்தில் பழ ஈ தடுப்புச் சோதனைச் சாவடி இருக்கிறது. பழமும் காய்கறியும் கொண்டுபோக முடியாது. முந்திய இரவே அண்ணி மிச்சமிருந்த கத்தரிக்காய், தக்காளி, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் ஒரே சாம்பாராக வைத்துவிட்டார். காற்று வெளியே ஊளையிட, ஐந்து பேரும் கேரவனுக்குள் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்ட அந்தச் சாம்பாருக்கு நிகரில்லை.

நீங்களும் போக நினைத்தால்

பெர்த்தில் கேரவனோடு வாழும் உறவினர் உங்களுக்கும் இருக்கலாம். அல்லது அங்கே வாடகைக்கு எடுக்க நினைக்கலாம். சில விஷயங்களை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இழுத்துப் பழக்கமில்லாதவர்களுக்கு, இஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக இருக்கும் மோட்டார்ஹோம்தான் நல்லது. கேரவன்தான் வேண்டுமென்றால், மூக்கு எடையை எப்படி அளப்பது என்று கொடுப்பவரிடமே காட்டச் சொல்லுங்கள்.

நல்லர்போர் விடுதிகளில் குடிதண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். தொட்டிகளை நிரப்பிப் புறப்படுங்கள். அச்சுக்கு முன்னும் பின்னும் இரண்டு தொட்டிகள் இருந்தால் பின்தொட்டியை முதலில் காலி செய்யுங்கள். முன்தொட்டி முதலில் காலியானால் பாரம் பின்னால் போய்விடும்.

மூக்கின் எடை காரின் சுமையிலும் சேரும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய பிறகு காரும் தன் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஒரு சுற்று. கொக்கி, சங்கிலி, மின் இணைப்பு, டயர். கைக்குச் சூடாகப் படும் சக்கரம் இருந்தால் கிளம்பாதீர்கள்.

இந்தக் கடைசி வேலையை எங்கள் பயணத்தில் பையன் எடுத்துக்கொண்டான். எங்கே நின்றாலும் டேப்போடு முதலில் இறங்குவான். அளந்து, "இன்னும் 890தான், சித்தப்பா" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் ஐஸ்கிரீம் கேட்பான்.

செடூனா படகுத்துறையில் சூரியன் இறங்கும் நேரத்தில் அம்மா கிள்ளானில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன் போட்டார். திமிங்கிலத்தைச் சொன்னார், விண்கலத்துக்கு அபராதம் போட்ட கதையைச் சொன்னார், மதுரா என்ற ஊரைச் சொன்னார். கடைசியாக, "வீட்டையே இழுத்துக்கிட்டு ரெண்டாயிரம் கிலோமீட்டர் வந்தாச்சு, ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையல" என்றார். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.